உண்ணிக்கு வந்த மணியார்டர்

சங்கரன்கோவில் மாட்டுச் சந்தையில் வெள்ளத்துரையிடம் ஒரு மாட்டைக் காட்டி "நல்ல மாடு" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு. அந்த மாட்டுக்கு என்ன கேடு என்று அவர் தேட ஆரம்பித்துவிடுவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழியைப் பார்ப்பார். வாலைத் தூக்கிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாக மாட்டுக்காரன் முகத்தைப் பார்ப்பார்.

"மாட்டுக்கு நோவு இருந்தா கால்ல தெரியும். மனுசனுக்கு இருந்தா சிரிப்புல தெரியும்" என்பது அவர் வாக்கு.

முப்பது வருஷம் தரகு பார்த்த ஆளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? டீக்கடையில் யாராவது அவருக்கும் சேர்த்து டீ சொன்னால், "விஷயத்தைச் சொல்லிட்டு டீயைச் சொல்லும் வே" என்று கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். கரிவலம்வந்தநல்லூரில் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படித்தான். கூடப் போனவர்கள் எல்லாம் முருகம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும், "கிணத்துல ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். வந்தது. "இன்னொரு கொடம்" என்றார். இரண்டாவது குடம் வரும்போதுதான் முருகம்மாளுக்கு விளங்கியது, ஆள் தாகத்துக்குக் கேட்கவில்லை, நடையைப் பார்க்கிறார் என்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு குடத்தை அவள் சொல்லிக்காட்டாத மாதம் கிடையாது.

அவர் சந்தேகத்துக்கு ஒரு வேரும் உண்டு. அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மழை தவறிய வருஷம் ஒன்று வந்தது. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு யாவாரி வந்து, அவர் அப்பாவின் உழவு மாடு இரண்டையும் விலை பேசி, ஐந்து ரூபாய் அச்சாரத்தைக் கையில் வைத்தான். "அடுத்த சந்தைக்குப் பிடிச்சுக்கிடுதேன்" என்றான். அடுத்த சந்தைக்கு வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. மழை பெய்து, புல் முளைத்து, மாடு இரண்டும் கொழுத்து, விலை இரண்டு மடங்கு ஏறிய பிறகு ஒரு நாள் புதுக் கயிறோடு வந்து நின்றான். பழைய விலைக்குத்தான் கேட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "அச்சாரம் வாங்கினது வாங்கினதுதானப்பா. வாங்கும்போது நாள் குறிச்சியா?" என்றார்கள். அப்பா தலைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாடுகளைக் கொடுத்தார். விதைக்கிற நேரத்தில் தொழுவம் காலி. வெள்ளத்துரையின் நான்காம் வகுப்பு அந்த வருஷத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து, முன்னால் நீட்டுகிற பணத்தைப் பார்த்தால் அவருக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி.

இப்படிப்பட்டவர் ஒரே மகள் தங்கத்தாயைப் பாளையங்கோட்டையில் பெண்கள் காலேஜில் சேர்த்ததே பெரிய விஷயம். சேர்ப்பதற்கு முன்னால் ஹாஸ்டல் சுவர் எவ்வளவு உயரம் என்று வெளியே சுற்றிவந்து பார்த்தார். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவன் சிடுசிடுவென்று விழுந்தான். "சரி, இவன் சரியான ஆளு" என்று சேர்த்துவிட்டார்.

எண்பத்து நாலாம் வருஷம், சித்திரை மாதம். இரண்டாம் வருஷ விலங்கியல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்த தங்கத்தாய், சாப்பிட்டு முடித்துக் கை கழுவின தகப்பனிடம் ஒரு சங்கதி சொன்னாள்.

"ஐயா, எங்க காலேஜ்ல இருந்து ரெண்டு பேரு பேரைத்தான் டெல்லிக்கு எழுதினாங்க. ரெண்டும் கெடைச்சுட்டு. அதுல ஒண்ணு நான்."

"என்னது கெடைச்சுட்டு?"

"ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை. இந்த லீவுல ஆறு வாரம். அறுநூறு ரூவா. முதல்ல பாதி, முடிச்சப் பொறவு மீதி."

"எதுல ஆராய்ச்சி?"

"மாட்டு உண்ணியில."

வெள்ளத்துரை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"உண்ணியில?"

"ஆமா ஐயா. எந்த ஊரு மாட்டுல எத்தனை உண்ணி இருக்கு, காதுல எத்தனை, கழுத்துக்குக் கீழ அலைதாடியில எத்தனை, என்ன வகைன்னு எண்ணி, புட்டியில ஸ்பிரிட் ஊத்திப் போட்டு வைக்கணும். எல்லாத்தையும் எழுதி அனுப்பணும். எங்க மெஹர்பானு டீச்சர்தான் கூட இருந்து சொல்லித்தருவாங்க. கடையநல்லூர்க்காரங்க."

"நம்ம மாட்டுல உண்ணி எத்தனைன்னு தெரிஞ்சு டெல்லிக்காரன் என்ன செய்யப்போறான்?"

"உண்ணியாலதான மாட்டுக்குக் காய்ச்சல் வருது."

"அது எனக்கே தெரியுமே. எனக்கு எவன் அறுநூறு ரூவா குடுத்தான்?"

அடுப்படியிலிருந்து முருகம்மாள், "நல்லது நடக்கும்போது ரெண்டு கொடம் தண்ணி கேக்காதிய" என்றாள்.

தங்கத்தாய் விடவில்லை. "முந்தியெல்லாம் பெரிய படிப்பு படிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம் ஐயா. பிஎஸ்ஸி படிக்கிற பிள்ளைகளுக்கு இப்பதான் குடுக்காங்க."

"முந்தி குடுக்காதவன் இப்பம் ஏன் குடுக்கான்?"

தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டு மனு எப்போதோ போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். வெள்ளத்துரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரிடம் அதற்கு வேறு பொருள் உண்டு. இன்னும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்த பத்து நாளும் அவர் மண்டைக்குள் உண்ணிதான் ஊர்ந்தது. மாட்டுக்கு வரி போடப்போகிறானோ? நோய் மாடு என்று சொல்லிச் சந்தையை மூடப்போகிறானோ? அறுநூறைக் கொடுத்துவிட்டு, படிப்பு முடிந்ததும் எங்கேயோ வடக்கே வேலைக்கு வா என்று பெண்பிள்ளையை இழுத்துக்கொண்டு போவானோ? மற்றதைக் கூடத் தாங்கலாம். கடைசியாக வந்த நினைப்பில்தான் சோறு இறங்கவில்லை.

முருகம்மாளும் தங்கத்தாயும் தாய்வீட்டுப் பக்கம் கரிவலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த அன்றைக்கு, போஸ்ட்மேன் நல்லக்கண்ணு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தங்கத்தாய்க்கு மணியார்டர். முந்நூறு ரூவா. டெல்லியில இருந்துல்லா வந்திருக்கு!"

வெள்ளத்துரை வாசலுக்கு வந்தார். நல்லக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதுல என்ன எழுதியிருக்கு? படியும்."

நல்லக்கண்ணு எஸ்எஸ்எல்சி. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்து, தமிழில் சொன்னார். "முதல் தவணைன்னு போட்டிருக்கு. பொறவு... இந்தத் தொகையை வாங்கிக்கிட்டா, திட்டத்து நிபந்தனைக்கெல்லாம் கட்டுப்பட்டதா அர்த்தமாம்."

"என்ன நிபந்தனை?"

"அது இதுல இல்லை."

"எத்தனை நாளைக்குக் கட்டுப்படணும்?"

"அதுவும் இல்லை. துண்டுத் தாளுதான அண்ணாச்சி, இம்புட்டு இடத்துல எம்புட்டு எழுதுவான்?"

நாள் குறிக்காத பணம். வாங்கினால் கட்டுப்பட்டதாக அர்த்தம். வெள்ளத்துரைக்குக் காதில், அன்று அப்பா அவிழ்த்த கயிறு உரசுகிற சத்தம் கேட்டது.

"திருப்பி அனுப்பிரும்."

நல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன வெளையாடுதியளா? பேரு உங்க மக பேரு. அவ வரட்டும். நாலு நாள் ஆபீஸ்ல வச்சிருக்கேன்."

"அவ எம் மகதான? நான் சொல்லுதேன். வேண்டாம்னு எழுதும்."

"முந்நூறு ரூவா அண்ணாச்சி. எனக்கு மாசச் சம்பளத்துல பாதி."

"அப்பம் நீரே வாங்கிக்கிட்டு டெல்லிக்குப் போரும் வே!"

சட்டப்படி அது சரியில்லை என்று நல்லக்கண்ணுவுக்குத் தெரியும். ஆனால் ஒரே தெருவில் பெண் எடுத்துப் பெண் கொடுத்த பழக்கம். பென்சிலை நாக்கில் தொட்டு, 'வாங்க மறுப்பு' என்று எழுதிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்களிடம் வெள்ளத்துரை மணியார்டர் பேச்சையே எடுக்கவில்லை. காதுகுத்தில் என்ன பொரியல் வைத்தார்கள் என்று கேட்டார். அவர் பொரியலைப் பற்றிக் கேட்டதே கிடையாது. முருகம்மாள் அப்போதே அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நாலைந்து நாள் கழித்து, தெருவில் போன நல்லக்கண்ணுவைத் தங்கத்தாயே நிறுத்திக் கேட்டாள். "மாமா, எனக்கு டெல்லியில இருந்து மணியார்டர் ஏதும் வந்துச்சா?" நல்லக்கண்ணு தரையைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

அவள் அழுதுகொண்டு வரவில்லை. நேரே தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன செஞ்சிய ஐயா?"

"அச்சாரம் வந்துது. வாங்கலை."

"அது அச்சாரம் இல்லை."

"வாங்கினா கட்டுப்படணும்னு எழுதியிருந்துச்சே. நாளு போடலை. நல்லக்கண்ணுகிட்ட கேளு."

"ஆறு வாரம் ஒழுங்கா வேலை செய்யணும், முடிச்சதை எழுதிக் குடுக்கணும். அதுதான் ஐயா நிபந்தனை. அந்தத் தாளு எங்கிட்ட இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பேன். துட்டு திரும்பிப் போனா எனக்கு விருப்பமில்லைன்னுதான் அவங்க எடுத்துக்கிடுவாங்க. பேரை வெட்டிருவாங்க. இனி ஒருக்கா கேட்டாலும் தரமாட்டாங்க."

முருகம்மாள் கையில் கரண்டியோடு வந்தாள். "என்னையாவது நடத்திப் பாத்துட்டு வச்சுக்கிட்டிய. அவளை நடக்கவே விடலையே!"

வெள்ளத்துரை அன்றைக்கு வெளியே போகவில்லை. தப்பு என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனாலும் தெரியாத ஒருத்தன் எங்கேயோ இருந்து பணம் அனுப்புகிறான் என்ற சங்கதி இன்னொரு பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"கெளம்பு. அந்த டீச்சரைப் பாக்கணும். டெல்லிக்காரனைப் பாக்க முடியாது. நடுவுல நிக்கிற ஆளையாவது பாத்துருவோம்."

புளியங்குடி போய், பஸ் மாறி, கடையநல்லூரில் இறங்கினார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். மெஹர்பானு டீச்சரின் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய டேப் ரிக்கார்டர் இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் சவூதியில் இருக்கிறார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். அவருடைய தாயார் சர்பத் கொண்டுவந்து வைத்தார். தங்கத்தாய் எடுத்துக்கொண்டாள். வெள்ளத்துரை டம்ளரைத் தொடவில்லை.

மணியார்டர் திரும்பிப் போன கதையைத் தங்கத்தாய் சொல்லி முடிக்கும் முன்பே டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா! நீ வேண்டாம்னுட்டியோன்னு நினைச்சேன். உனக்குக் கடிதாசி எழுத உக்காந்திருந்தேன்."

வெள்ளத்துரை தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா, நான் மாட்டுத் தரகு பாக்குறவன். சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. டெல்லிக்காரன் துட்டு குடுக்கான். எம் மக வாங்குதா. நடுவுல நீங்க நிக்கிய. உங்களுக்கு என்ன தரகு?"

"ஐயா!" என்றாள் தங்கத்தாய்.

"நீ சும்மா இரு."

டீச்சர் சிரித்தார். "எனக்கு ஒரு பைசா கிடையாது அண்ணாச்சி. பிள்ளைகள் முன்னுக்கு வரணும், அவ்வளவுதான்."

வெள்ளத்துரை எழுந்துவிட்டார். "அப்பம் நாங்க வாறோம். தரகு இல்லாத யாவாரத்துல நான் தலை குடுக்கறது இல்லை. நூறு வாங்குறேன்னு சொல்லுறவன்கூட நிக்கலாம். ஒண்ணும் வேண்டாம்கிறவன்தான் தொழுவத்தையே அவுத்துட்டுப் போவான்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. படித்துப் பட்டம் வாங்கி, பத்து வருஷமாகக் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்ணை, அவள் வீட்டுக்குள்ளேயே வந்து ஒருவர் திருடி என்றால் சும்மா இருப்பாளா?

"உக்காருங்க அண்ணாச்சி. சொல்லுதேன். எனக்கு என்ன கிடைக்கும்னுதான கேக்கிய? ஆறு வருஷமா டாக்டர் பட்டத்துக்குப் பதிஞ்சுட்டுக் கிடக்கேன். ஊர் ஊராப் போய் மாட்டைப் பிடிச்சுப் பாக்க எனக்கு ஆளில்லை, துட்டில்லை. இந்தத் திட்டத்துல ரெண்டு பிள்ளைகள் சேந்தாத்தான் எங்க காலேஜுக்கு ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பு தருவாங்க. ஒருத்தி கொறைஞ்சாலும் அது வேற காலேஜுக்குப் போயிரும். இவங்க எண்ணுற கணக்கை வச்சுத்தான் நான் கட்டுரை எழுதணும். அதுல என் பேரு முதல்ல வரும். உங்க மக பேரு ரெண்டாவதுதான் வரும். போதுமா?"

வெள்ளத்துரை மெல்ல உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அத்தனை பிள்ளைகள்ல எம் மகளை ஏன் எடுத்திய?"

டீச்சர் கோபத்தில் இருந்தார். யோசிக்காமல் சொல்லிவிட்டார். "மார்க்குல இவ மூணாவது. முதல்ல வந்தவ மாட்டைக் கண்டா பத்தடி தள்ளி நிப்பா. அவளை விட்டுட்டு இவளை எடுத்தேன். மாட்டுத் தரகர் மகள், இவளைத்தான் சந்தைக்குள்ள விடுவாங்கன்னு ஒரு கணக்குப் போட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று வெள்ளத்துரை தொடையில் தட்டினார். சர்பத் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு வம்பு இல்லையே."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தங்கத்தாய் பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்ததை அவர் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்.

"தங்கத்தாய், மூணாவது மார்க்கும் மார்க்குதான் புள்ளே" என்றார்.

அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

போன பெயரைத் திரும்பப் பிடிக்க வேண்டுமே. உடனே ஒரு தந்தி கொடுத்துவிட்டு, பின்னாலேயே தகப்பனார் கையால் எழுதிய கடிதமும் அனுப்பினால் ஒருவேளை கேட்பார்கள் என்றார் டீச்சர். வெள்ளத்துரை தன் ஆயுளில் கடிதம் எழுதியது கிடையாது. தரகு எல்லாம் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிகிற காரியம். பேனாவைக் கலப்பை பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உழுதார்.

'டெல்லி ஐயா அவர்களுக்கு. மணியார்டர் வேண்டாம் என்றது நான். என் மகள் இல்லை. அவள் அன்றைக்கு ஊரில் இல்லை. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் சொன்னேன். இப்போதும் தெரியாது. டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன். என் மகள் பேரை வெட்ட வேண்டாம். வெள்ளத்துரை.'

டீச்சர் அதற்குக் கீழே அதையே இங்கிலீஷில் எழுதினார். வெள்ளத்துரை மகளிடம் தாளை நீட்டினார். "நான் எழுதினதுதான் இருக்கான்னு பாரு. கூடக் கொறைய இருக்கப்படாது."

தங்கத்தாய் வாசித்துவிட்டு, "'இப்பவும் தெரியாது'ங்கிறதை டீச்சர் விட்டுட்டாங்க" என்றாள். குரலில் உயிர் இல்லை.

"சேக்கச் சொல்லு."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தார்.

திரும்பி வரும்போது புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு எலுமிச்சைச் சோடா வாங்கி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் போகலை ஐயா."

"எங்க?"

"உண்ணி எண்ண. டெல்லியில சரின்னாலும் போகலை. நான் படிச்சதுக்காகக் குடுத்தாங்கன்னு நெனச்சு ஹாஸ்டல் பூரா மிட்டாய் குடுத்தேன். உங்க மகள்னுதான் குடுத்திருக்காங்க."

வெள்ளத்துரைக்குச் சோடா கையிலேயே நின்றது. அவர் கேட்டது அவருக்கு நிம்மதி கொடுத்த பதில். அதே பதில் பிள்ளைக்கு இப்படி இறங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. "ஏட்டி, எந்த மாட்டையும் எவனும் காரணம் இல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"மாட்டுக் கதை சொல்லாம வாங்க ஐயா."

கெடுத்தவன் பேசி என்ன நிமிரப்போகிறது? சோடாவை அவரே குடித்தார். கசந்தது.

பன்னிரண்டு நாள் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் நல்லக்கண்ணு வருகிற நேரத்துக்கு வெள்ளத்துரை வாசலில் நின்றார். நல்லக்கண்ணு தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். ஒருநாள், "என்ன அண்ணாச்சி, அன்னைக்கு என்னைய டெல்லிக்குப் போவச் சொன்னிய. போயிருந்தா இந்நேரம் கையோட வாங்கிட்டு வந்திருப்பேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் வெள்ளத்துரை நாலு வார்த்தை கொடுத்திருப்பார். அன்றைக்கு அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார்.

பதின்மூன்றாவது நாள் நீளக் கவர் ஒன்று வந்தது. இந்த முறை நல்லக்கண்ணு, "தங்கத்தாய் கையிலதான் குடுப்பேன்" என்று வெள்ளத்துரையின் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டார். அவள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நின்றபடியே வாசித்தாள்.

"பேரை வெட்டலையாம். ஆனா திரும்பி வந்த முதல் தவணையை மறுபடி அனுப்ப முடியாதாம். வேலை முடிஞ்சு அறிக்கை வந்தப் பொறவு மொத்தமாத் தருவாங்களாம்."

வெள்ளத்துரைக்குப் பழைய குணம் எட்டிப்பார்த்தது. "கடைசியில தருவான்னு என்ன நிச்சயம்? ஆறு வாரம் வேலையை வாங்கிட்டுக் கையை விரிச்சா? உனக்குத்தான் இஷ்டம் இல்லையே. வேண்டாம்னா இப்பவே எழுதிப் போட்டுருதேன்."

"இனிமே எம் பேருல நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் ஐயா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில், காலேஜிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த அட்டைப்பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. சின்னச் சின்னப் புட்டிகள், ஒரு இடுக்கி, கோடு போட்ட நோட்டு. முருகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து புட்டிகளைத் துடைத்துக் கொடுத்தாள்.

"மனசு மாறிட்டியாட்டி?"

"மார்க்குல முதல்ல வந்தவளுக்கு மாடு எந்தக் காலால உதைக்கும்னு தெரியாதும்மா. எனக்குத் தெரியும். டீச்சர் போட்ட கணக்கு தப்பில்லை. எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம், அதுதான்."

அடுத்த சந்தை நாள் காலையில் வெள்ளத்துரைக்கு முன்னால் அவள் கிளம்பி நின்றாள். தாவணியை இழுத்துச் சொருகியிருந்தாள். தோளில் பை. மாட்டுச் சந்தைக்குள் மோர் விற்க வருகிற பொம்பளைகளைத் தவிர வேறு பெண் கால் வைத்து அந்த ஊர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் குறைந்தது. துண்டுக்கு அடியில் இருந்த விரல்கள்கூட அப்படியே நின்றுவிட்டன.

மேலப்பாளையத்துத் தரகர் இப்ராஹீம்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன வே வெள்ளத்துரை, மகளைத் தொழிலுக்குக் கூட்டியாந்துட்டீரா? எங்க பொழப்புல மண்ணா?"

"அவ வேற சோலியா வந்திருக்கா."

"என்ன சோலி?"

"உண்ணி எண்ணணும்."

சந்தையே சிரித்தது. "எண்ணி? பொரிச்சுத் திங்கவா?" என்றான் ஒருத்தன். "கவர்மெண்டு ஆளா இருக்கும். மாட்டுக்கு ரேஷன் கார்டு குடுக்கப் போறாக" என்றான் இன்னொருத்தன். அதோடு நிற்கவில்லை. தங்கத்தாய் பக்கத்தில் போனதும் ஆளாளுக்குக் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து மாட்டை விலக்கிக்கொண்டார்கள். இந்தப் பிள்ளை எதற்கு மாட்டைத் தொடுகிறது, யார் அனுப்பியது, எழுதினதை யாரிடம் காட்டும் என்று கண்ணாலேயே கேட்டார்கள். அந்தப் பார்வை வெள்ளத்துரைக்குத் தெரிந்த பார்வைதான். அதற்கு எதிரே தான் நிற்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கடைசியில் திருவேங்கடம் ஊரில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர், வெள்ளத்துரையை நம்பி மாட்டை விற்கக் கொண்டுவந்தவர், "சரி பாத்துக்கோ தாயி" என்று மயிலைக் காளையைக் காட்டினார். தங்கத்தாய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, அது மூச்சை விட்டதும், அலைதாடி மடிப்பைப் பிரித்தாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் புட்டியில் போட்டாள். பிறகு இரண்டு காதுக்கும் தனித்தனிப் புட்டி எடுத்தாள். வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

அந்த மாட்டை விலை பேசிக்கொண்டிருந்த யாவாரி புட்டியைப் பார்த்தான். புட்டி நிறைந்துகொண்டே போனது.

"வெள்ளத்துரை அண்ணாச்சி, மாட்டுக்குக் காய்ச்சல் கண்டிருக்கும் போலிருக்கே. நான் வேற பாத்துக்கிடுதேன்" என்று விரலை உருவிக்கொண்டு போய்விட்டான்.

திருவேங்கடத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நீரு எனக்குத் தரகரா, இல்லை அவனுக்கா? உம்ம மகளை வச்சு என் யாவாரத்தைக் கெடுத்திட்டீரே!"

கைக்கு வந்த தரகு போயிற்று. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தங்கத்தாய் இடுக்கியைப் பிடித்தபடி தகப்பனைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்வார் என்றுதான் நினைத்திருப்பாள்.

வெள்ளத்துரை மாட்டுக்குப் பக்கத்தில் வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "காதுல எத்தனை?"

"இடதுல ஒம்பது. வலதுல பதினொண்ணு."

"உள்மடிப்பைப் பாத்தியா?"

"பாத்தாச்சு ஐயா."

"புட்டியைக் குடு."

வலது காதுப் புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பதினொன்றுதான் வந்தது. திருவேங்கடத்துக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். வெள்ளத்துரை புட்டியைக் குலுக்கிவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார்.